தீக்கு முன்னே ஒரு வரைபடம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும்போது பாறைக்குன்றுகள் எட்டிப் பார்த்ததும் பலருக்குச் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு நினைவுக்கு வருவார். மாசி, பங்குனியில் எனக்குப் பாறை இடுக்கில் காய்ந்து நிற்கும் புல்தான் கண்ணில் படும். அப்படிப்பட்ட காட்டில் தீ எங்கே பிடிக்கலாம் என்று முன்பே காட்ட ஒரு வரைபடம் இருக்கிறது.

டேராடூனின் இந்திய வன ஆய்வு நிறுவனம் நாட்டை 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் கட்டங்களாக்கி, 2004 முதல் செயற்கைக்கோள்கள் கண்ட தீப்புள்ளிகளை அவற்றில் எண்ணி, காடுகளை ஐந்து அபாய வகைகளாகப் பிரித்து அதை உருவாக்கியது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற வேலைதான். எங்கே புள்ளி அடர்கிறதோ அங்கே அடுத்த கோடையில் கண் வைக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, எதை விடுவது என்ற விவேகம். செயற்கைக்கோளுக்குத் தெரிவது சூடு மட்டுமே. விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டியபின் சோகையைக் கொளுத்தினாலும் அது ஒரு புள்ளிதான். காட்டின் எல்லையை மேலே பொருத்திப் பார்த்துத்தான் வயல் தீயைக் கழிக்கிறார்கள்.

ஆனால் 5 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு குன்று, இரண்டு ஊர், ஏரி எல்லாம் அடங்கிவிடும். செஞ்சியை அடுத்த பக்கமலைக் காட்டில் ஆடு ஏறும் தடம், விறகுப் பாதை, பீடித்துண்டு விழும் திருப்பம் எல்லாம் வனக்காவலரின் நடையில்தான் தெரியும். சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். மேலேயுள்ள புல்லை வெப்பம் முன்கூட்டியே உலர்த்திவிடும். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதும் அப்படியொரு புல்சரிவில்தான். கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது தீ இப்படிப் பரவாமல் தடுக்கவே. எங்கே முதலில் செதுக்குவது என்பதை வரைபடம் சொல்லும்; மண்வெட்டி பிடிப்பது ஆள்தான்.