பார்த்து வளர்ந்தவர்கள்

ஒரு பிள்ளையின் சுயத்தைக் குடும்பம் எப்படி உருவாக்குகிறது என்று கேட்டால் வளர்ப்பு, கண்டிப்பு, புத்திமதி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். திருச்சி வட்டாரத்திலிருந்தும் அதை ஒட்டிய காவிரிக் கரையிலிருந்தும் வந்த புனைவுகளைச் சேர்த்து வாசித்தால் இந்தப் பதில் போதவில்லை என்று தோன்றுகிறது. பெரியவர்கள் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகள் காற்றில் விட்டுவிடுகிறார்கள். அதே பெரியவர்கள் வீட்டிலுள்ள இன்னொருவரை நடத்திய விதம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. யாருக்கு எது நேர்கிறது என்று ஓரமாக நின்று பார்ப்பதுதான் இந்தக் கதைகளில் வளர்வதன் முதல் பாடம்.

இதற்கு மிக வலுவான சான்று சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் சல்மா. பருவமடைந்ததும் அவருடைய பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. நாவலின் சிறுமி ராபியா வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய்த் தாயிடம் அடி வாங்குகிறாள். அந்த அடி அவளை ஒரு மாலைப் பொழுதுக்குத்தான் அடக்குகிறது. அவளுக்குள் ஆழமாக இறங்குவது வேறு: தாயின் தங்கை பிர்தவ்ஸ் கட்டிக்கொடுத்த கணவனோடு வாழ மறுத்துத் திரும்பி வருகிறாள், மாற்று மதத்தானை விரும்புகிறாள், முடிவில் பெற்ற தாயே அவளை விஷத்துக்குத் தள்ளுகிறாள். பெரியப்பா மகள் வஹிதாவின் கல்யாணமும் அதே வீட்டுக்குள்தான் நடக்கிறது. ராபியாவுக்கு யாரும் பெண்மையின் எல்லைகளைப் பாடமாக எடுக்கவில்லை. எல்லை மீறினால் என்ன ஆகும், மீறாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் சொந்தக்காரப் பெண்களின் உடம்பில் அவள் பார்த்துவிடுகிறாள். தண்டனையை நடத்தி வைப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதைச் சல்மா மூடி மறைக்கவில்லை. பாசமும் கொடுமையும் ஒரே கையிலிருந்து வருவதைக் காட்டும் இந்தத் துணிவுதான் தமிழில் இந்நாவலைத் தனித்து நிறுத்துகிறது.

அதே மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவிலிருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் பார்வை மாறுகிறது. சுஜாதா (1935–2008) பெற்றோரைப் பிரிந்து அங்கே பாட்டியிடம் வளர்ந்தவர். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளின் பையனுக்கும் பாட்டிதான் வீடு. மற்றபடி தெரு அவனுக்குத் திறந்தே கிடக்கிறது. குண்டு ரமணி போல ஊரின் ஓரத்தில் நின்றவர்களை அவன் கூர்ந்து பார்க்கிறான், இரக்கப்படுகிறான். ஆனால் அவர்களுக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்ற பயம் அவனுக்கு இல்லை. ராபியா பார்ப்பது அவளுக்கே வரப்போவதன் ஒத்திகை. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் குடும்பம் தரும் சுயம் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

சுஜாதாவின் பையனை வைத்து மட்டும் எல்லா ஆண்பிள்ளைகளையும் பேசிவிட முடியாது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில் (1966) அப்பு பல ஆண்டுகள் காவிரிக் கரைப் பாடசாலையில் வேதம் படிக்கிறான். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவு அவன் கண்ணில் படுகிறது. அப்பா தண்டபாணியின் மௌனமும் புரிகிறது. தன்னை வேதத்துக்கு அனுப்பியது அம்மா தேடிய பிராயச்சித்தம் என்று தெரிந்த பிறகு அவன் பழைய அப்புவாக இருக்க முடிவதில்லை. பாடசாலையில் மனப்பாடம் செய்த அத்தனையும் அவனை யாராக ஆக்கியதோ, அதைவிட வீட்டில் கண்ட சில நாட்கள் அதிகம் ஆக்கிவிடுகின்றன.

சொல்லுக்கு வலிமையே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். லால்குடியைத் தன் எழுத்தின் வேராகக் கொண்ட லா.ச.ராமாமிர்தத்தின் ‘புத்ர’ (1965) தாயின் சாபத்திலிருந்து கிளம்புகிறது. அங்கே சொல்தான் எல்லாம். ஆனால் அந்தச் சாபம் மகனை நோக்கி வீசப்பட்டது, அதைச் சுமப்பது அவனுக்குப் பிறக்கவேண்டிய பிள்ளை. இங்கேயும் பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டதுதான் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. இன்னொரு மறுப்பு கனமானது: இவை குடும்பத்தின் வேலை இல்லை, சாதியும் மதமும் செய்கிற வேலை. இதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு சிறுமியிடம் மதமோ சாதியோ சட்டப் புத்தகமாக வந்து நிற்பதில்லை. நேற்றுவரை தலை பின்னிவிட்ட அம்மாவாக, சோறு ஊட்டிய பெரியம்மாவாக வருகிறது. எதிர்க்க முடியாமல் போவதற்கு அதுவே காரணம். கெதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ (1795–96) வழிவந்த ஐரோப்பிய நாயகன் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் தன்னைக் கண்டடைகிறான். ராபியாவுக்கு அந்த வாசல் கிடையாது. அதனால் அவளைப் பயண நாவலின் அளவுகோலால் அளந்து, அவள் வளர்ச்சி முழுமையடையவில்லை என்று சொல்வது அநியாயம்.

விமர்சனம் இனி கவனிக்கவேண்டிய இடம் சுஜாதாவின் தெருக்களில் இருக்கிறது. அங்கே வரும் பெண்களைப் பையனின் கண் வழியாகவே நாம் அறிகிறோம். அந்தப் பையன் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அதே வீடுகளின் பெண்பிள்ளைகள் உள்ளே யாரைப் பார்த்து, எதைக் கற்றுக்கொண்டு வளர்ந்தார்கள் என்பதை அந்தக் கதைகள் சொல்லவில்லை. துவரங்குறிச்சிக்குச் சல்மா செய்ததை ஸ்ரீரங்கத்துக்கும் ஒருவர் செய்தாக வேண்டும்.