தோல் பூட்ஸின் அடியும் தையலும்

ஆல்ப்ஸ் மலையேறிகள் போடும் தோல் பூட்ஸைக் கையில் எடுத்ததும் கனம் தெரியும். அடுத்து, வளைய மறுக்கும் அடிப்பாகம். கடையில் நாலடி நடந்து பார்ப்பவருக்கு அது தண்டனைதான். பாறை விளிம்பில் விரல் நுனியை மட்டும் ஊன்றி நிற்கும்போது அந்த விறைப்பின் அருமை புரியும். கெண்டைக்கால் அவ்வளவு சீக்கிரம் நடுங்காது. பனிக்காக அடியில் கட்டும் இரும்பு முள்சட்டமும் ஆடாமல் நிற்கும்.

முன்பு அடியில் ஆணிகள் அடித்திருந்தார்கள். 1935இல் புந்தா ராசிகா சிகரத்தில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விதாலே பிரமானி, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடியை 1937இல் கொண்டுவந்தார். அதுதான் விப்ரம்.

எனக்குப் பிடித்தது மேல்தோலும் அடியும் சேரும் இடம். நார்வேத் தையலில் தோலின் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து, மெழுகு நூலால் வரிசையாகத் தைத்திருப்பார்கள். ஒளிவுமறைவில்லாத வேலை, ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்க்கலாம். அடி தேய்ந்தால் பிரித்து வேறு போடலாம், பழகிய மேல்தோல் அப்படியே இருக்கும்.

நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும். காகிதம் திணித்து நிழலில் உலர்த்தி, பிறகு மெழுகு தேய்க்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் நாள் முழுக்க ஈரப்பனியில் நடந்தால் நீர் ஊறத்தான் செய்யும். இரவில் அது உறைந்தால் காலையில் காலை நுழைப்பதே பெரும்பாடு. உயர்ந்த சிகரங்களுக்குப் போகிறவர்கள் பின்னாளில் இரட்டை பிளாஸ்டிக் பூட்ஸுக்கு மாறியதில் நியாயம் உண்டு.