தார்ச்சாலையின் ஆயுள் கணக்கு

பரப்பில் 20 சதவீதம் விரிசல் விட்டாலோ, சக்கரத் தடம் 20 மில்லிமீட்டர் ஆழம் பள்ளமானாலோ அந்தத் தார்ச்சாலையின் காலம் முடிந்தது. ஐஆர்சி 37 என்ற நம் நாட்டு விதிநூல் வைத்திருக்கும் எல்லை இதுதான். தார்ப் படலத்தின் அடிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது, அடியில் உள்ள மண் எவ்வளவு நசுங்குகிறது என்று கணக்கிட்டு, அந்த எல்லையைத் தொட எத்தனை அச்சுச் சுமைகள் ஓட வேண்டும் என்று சாலை போடும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த முறையின் பெரும் பலம், சுமையின் குணத்தைப் பிடித்துவிட்டதுதான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த சோதனையில், அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று தெரிந்தது. 2018-இல் நம் அரசு நான்கு டயர் அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை 13 சதவீதம்கூட ஏறவில்லை. அந்தச் சோதனை காட்டிய விதிப்படி சேதமோ 60 சதவீதத்துக்கு மேல் ஏறும். கணக்கு இல்லாவிட்டால் இதை யார் நம்புவார்கள்?

ஆனால் அந்தச் சோதனை நடந்தது ஒரே மண்ணில், ஒரே தட்பவெப்பத்தில், இரண்டே ஆண்டுகள். நம் சமன்பாடுகளும் சில பத்தாண்டுகளுக்கு முன் நம் சாலைகளில் திரட்டிய தரவை வைத்துத் திருத்தப்பட்டவை. இன்றைய லாரிகள் வேறு. விரிசல் கீழிருந்து மேலேறும் என்றே அந்தச் சமன்பாடுகள் கருதுகின்றன. தடித்த படலங்களில், வெயிலில் இறுகிய மேற்பரப்பிலிருந்து கீழிறங்கும் விரிசலும் உண்டு.

தண்ணீர்தான் இதைவிடப் பெரிய ஓட்டை. மண்ணை நான்கு நாள் ஊறவைத்துச் சோதிப்பதோடு கணக்கில் தண்ணீரின் பங்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அடைபட்ட வடிகாலும், ஓரத்தில் வாரக்கணக்கில் தேங்கி ஜல்லியிலிருந்து தாரை உரிக்கும் மழைநீரும் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. கேபிளுக்காகத் தோண்டி அரைகுறையாய் மூடிய பள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போக்குவரத்து குறைந்த சாலைகளுக்கு 80 சதவீத நம்பகம் போதும் என்கிறது விதிநூல். ஐந்தில் ஒன்று முன்கூட்டியே கெடலாம் என்று அதற்குப் பொருள். மக்களுக்கோ இத்தனை ஆண்டு என்ற ஒற்றைக் கணக்கு மட்டும் சொல்லப்படுகிறது.

கணிப்பைக் கைவிடச் சொல்லவில்லை, சரிபார்க்கச் சொல்கிறேன். எடையை விழவிட்டுச் சாலை எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது, அதற்கு ஐஆர்சி 115 என்ற விதிநூலும் 2014-லேயே வந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டில் எதிர்பார்த்த விரிசல் எவ்வளவு, கண்ட விரிசல் எவ்வளவு என்பதை நெடுஞ்சாலைத் துறைகள் ஒவ்வொரு சாலைக்கும் பொதுவில் வெளியிட வேண்டும்.