கேட்டதை எழுதுவதா, சொன்னதை எழுதுவதா?

பொங்கல் விடுமுறையில் கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் அதிகாலையிலேயே தொலைநோக்கியோடு சிலர் நிற்பார்கள். 2015 முதல் ஆண்டுதோறும் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்பவர்கள் அவர்கள். பள்ளிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என யாரும் சேரலாம். கால் மணி நேரம் நின்று கண்டதைக் குறித்துக் கொடுத்தால் போதும். ஒரு சில ஆய்வாளர்கள் ஆயுள் முழுக்க அலைந்தாலும் திரட்ட முடியாததை நான்கே நாளில் ஊர்மக்கள் திரட்டிவிடுகிறார்கள்.

இதே வழியில் மனிதப் பேச்சையும் திரட்டலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதிலும் உடம்பைப் பற்றிய பேச்சு: யார் பெருத்தார், யார் இளைத்தார், யார் கறுத்தார் என்று பேருந்திலும் பந்தியிலும் நாள்தோறும் நாம் உதிர்க்கும் சொற்கள். இந்த முறைமீது எனக்கு ஆசை அதிகம். அதனால்தான் அதன் ஓட்டைகளையும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆசைக்கான காரணம். 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள் என்றது. முந்தைய ஆய்வில் அது 30.9. அதே ஐந்தாம் ஆய்வில் 53.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை. பூசின உடம்பும் வெளுத்த கண்ணும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே பெண்ணிடம் இருக்கின்றன. எடைக்கருவியும் இரத்தப் பரிசோதனையும் இவ்வளவைச் சொல்லிவிடும். அந்தப் பெண்ணிடம் காலையில் மாமியார் என்ன சொன்னார், அதைக் கேட்டு மதியம் அவள் எவ்வளவு சோற்றைத் தட்டில் குறைத்துக்கொண்டாள் என்பது அவற்றுக்குத் தெரியாது. வெள்ளைத்தாளும் கேள்வித்தாளுமாக வாசலில் வந்து நிற்கும் ஆய்வாளருக்கும் தெரியாது. அவரைக் கண்டதும் வீடே நாகரிகமாகப் பேசத் தொடங்கிவிடும். அடுப்படிப் பேச்சு அடுப்படியில் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

அமெரிக்க மானிடவியலாளர் மிமி நிக்டர், அரிசோனாவின் பள்ளிச் சிறுமிகளோடு ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகி, 2000-இல் ‘ஃபேட் டாக்’ என்ற நூலை வெளியிட்டார். ‘நான் எவ்வளவு குண்டு பாரு’ என்று ஒருத்தி சொல்வாள். ‘சேச்சே, இல்லவே இல்லை’ என்று தோழி மறுப்பாள். உண்மையில் பட்டினி கிடந்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்களே அதிகம் என்று அவர் கண்டார். அந்தப் பேச்சு ஒரு சடங்கு. நட்பை உறுதிசெய்துகொள்ளும் வழி. சொல்லை மட்டும் எடுத்துப் பட்டியலிட்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. பதிலையும் சேர்த்துக் கேட்டதால் பிடிபட்டது.

கொங்கு நாட்டில் அந்தச் சடங்கு வேறு மாதிரி. இங்கே பெரும்பாலும் யாரும் தன்னைத் தானே குண்டு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. எதிரில் வருபவர் சொல்லிவிடுகிறார். “ஏனுங்கம்மணி, இப்புடி எளச்சுப் போயிட்டீங்க?” இந்த ‘ங்க’வைக் கவனியுங்கள். மரியாதை கொடுத்துக்கொண்டே எதையும் சொல்லிவிடலாம் என்ற உரிமையை அது வழங்குகிறது. கல்யாணமாகிப் போன பெண் ஆடிக்குப் பிறந்த வீடு வருகிறாள். அமுச்சி (பாட்டி) அவள் தோளைத் தடவிப் பார்த்து, “அந்த ஊட்டுல சோறு கீறு போடறாங்களா இல்லையா கண்ணு?” என்கிறாள். இது அவளுடைய உடம்பைப் பற்றிய பேச்சே அன்று. கட்டிக்கொடுத்த வீட்டின்மீது வைக்கும் குற்றச்சாட்டு. ‘உனக்கு நாங்கள் இருக்கிறோம்’ என்ற ஆறுதலும் அதில் உண்டு. மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைத்த மேட்டாங்காட்டு ஊர்களில் இளைப்பு என்றால் பசிதான். அந்த நினைவு சொல்லுக்குள் இன்னும் கிடக்கிறது.

பிஜித் தீவில் இதே போன்ற பேச்சை மருத்துவர் ஆன் பெக்கர் ஆராய்ந்தார். அங்கும் ஒருவர் இளைத்தால் அவரைச் சுற்றியிருப்போர் கவனிக்கத் தவறினார்கள் என்றே பொருள். 1995-இல் நட்ரோகா மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. 1998-இல் திரும்பப் போய்க் கேட்டபோது, எடை குறைக்க வாந்தியெடுப்பதாகச் சொன்ன பள்ளிச் சிறுமிகள் 11.3 விழுக்காடு, மூன்றாண்டுக்கு முன் ஒருத்திகூட இல்லை. பழைய பாசப்பேச்சு நின்றுவிடவில்லை. அதே சொல் வேறு காதில் விழத் தொடங்கியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இன்று கோவையில் அமுச்சி சொல்லும் ‘நல்லா தேறிட்ட’ என்பதும் பீளமேட்டுக் கல்லூரி விடுதியிலிருந்து வந்த பேத்தியின் காதில் விழும் ‘தேறிட்ட’ என்பதும் ஒன்றல்ல.

ஆகவே வெறும் சொற்பட்டியல் நம்மை ஏமாற்றும். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரத்துக்கும் அகராதி தந்தார்கள். இருவரும் அந்தந்த மண்ணில் பிறந்து அந்தப் பேச்சில் வளர்ந்தவர்கள். சொல் எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போகும் என்பது அவர்களுக்குக் கேட்காமலே தெரியும். ஊர்மக்கள் கைபேசிச் செயலியில் அனுப்பும் ஆயிரம் வரிகளுக்கு அந்த அறிவு கிடையாது. அந்த வரிகளை யார் அனுப்புவார்கள் என்பதும் கேள்விதான். நேரமும் எழுத்தும் கைபேசியும் உள்ள கல்லூரிப் பெண்கள் அனுப்புவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருபவளும், மில் விடுதியில் தங்கியிருக்கும் வெளிமாவட்டத்துப் பெண்ணும் அனுப்பமாட்டார்கள். பிறகு அறிக்கை மட்டும் ‘கொங்குப் பெண்கள்’ என்று தலைப்பிட்டு வரும்.

இந்த முறையின் பெரிய முன்னோடி இங்கிலாந்தின் ‘மாஸ் அப்சர்வேஷன்’. 1937-இல் டாம் ஹாரிஸன், சார்லஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் மூவரும் தொடங்கியது. போல்டன் நகரத்தில் தன்னார்வலர்கள் மதுக்கடையிலும் தெருவிலும் அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் அவர் பேசியதைக் குறித்தார்கள். வேறெங்கும் கிடைக்காத செல்வம் அது. ஆனால் உளவு பார்க்கிறார்கள் என்ற பழியும் வந்தது; அது நியாயமான பழி. கொக்குக்குத் தன்னை எண்ணுகிறார்கள் என்று தெரியாது, தெரிந்தாலும் அதன் மானம் போகாது. மனிதர் அப்படியல்ல. அதே அமைப்பு 1981-இல் புத்துயிர் பெற்றபோது, தன்னார்வலர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதி அனுப்புவது அதன் முதன்மையான வழியாயிற்று. இந்தத் திருப்பத்தில்தான் நமக்கு வழி இருக்கிறது. பிறர் பேசக் கேட்டதை எழுதாதீர்கள். நீங்கள் சொன்னதை எழுதுங்கள், உங்களிடம் சொல்லப்பட்டதை எழுதுங்கள்.

அப்படியும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலைப் பெற, 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சரியான சட்டம்தான். ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணிடம் அவள் உடம்பைப் பற்றி அதிகம் பேசுவது பெரும்பாலும் அவளைப் பெற்றவர்களே. அவர்கள் கையெழுத்திட்ட தாளில் அவர்களைப் பற்றி அவள் எவ்வளவு எழுதுவாள்? இதற்கு என்னிடம் விடை இல்லை.

நானே பத்து நாள் இதைச் செய்து பார்த்தேன். கேட்டதை எழுதுவது எளிது. தையல்காரர் கையைப் பிடித்துப் பார்த்து, “உள்தையல் பிரிச்சு உட்டரலாமுங்க” என்றது, பக்கத்து வீட்டு அக்கா நடைப்பயிற்சியைப் பற்றிக் கேட்டது என்று முதல் நாளே இரண்டு பக்கம் நிறைந்தது. சொன்னதை எழுதும் பக்கம் மூன்று நாள் வெற்றாக இருந்தது. உடம்பைப் பற்றி நான் பேசுவதே இல்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். நான்காம் நாள் அக்கா மகள் வந்தாள். அன்று இரவு எழுதினேன்: “‘வெயில்ல அலஞ்சு கறுத்துட்டயே கண்ணு’ என்றேன். சிரித்தாள்.”

இதைப் பற்றிச் சொன்னதும் அவளும் ஒரு நோட்டுப் போட்டாள். யாரும் கேட்காமலே தொடங்கினாள், தான் வந்த நாள் முதல் நடந்ததை நினைவிலிருந்து எழுதினாள். பத்தாம் நாள் இருவரும் மாற்றிப் படித்தோம். அதே நாள், அதே வரி அவளுடைய நோட்டிலும் இருந்தது. அதன் கீழே: “சித்தி சொன்னார். சிரித்தேன். ஸ்கூல் குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போய்விட்டேன்.”