சிரித்திரனும் எமது சிரிக்காத பக்கங்களும்

சித்திரக்கதை என்றால் சிறுபிள்ளை வாசிப்பு, கேலிச்சித்திரம் என்றால் பத்திரிகையின் ஓரத்தை நிரப்பும் விடயம் என்ற எண்ணம் எமது இலக்கிய வட்டங்களில் இன்னும் நீங்கியபாடில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் கூட்டம் கூட்டி விமர்சனம் செய்யும் நாம், சித்திரத்தை அந்த வரிசையில் ஒருபோதும் வைத்ததில்லை. இந்த அசட்டையால் நாம் இழந்தது என்ன என்பதையே இங்கு பேச விரும்புகிறேன்.

ஈழத்துத் தமிழில் இத்துறைக்கு ஒரு முன்னோடி இருந்தார். ‘சிரித்திரன் சுந்தர்’ என்று அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் (1924–1996). 1960களில் கொழும்பில் அவர் தொடங்கிய ‘சிரித்திரன்’ சஞ்சிகை பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்தில், விடுதி நண்பர் ஒருவரின் பெட்டியில் அட்டை கிழிந்த சில பழைய இதழ்களைக் கண்டேன். அன்றிரவு பாடக்குறிப்பு எழுதவில்லை. இன்று அவ்விதழ்கள் பலவற்றை ‘நூலகம்’ இணைய நூலகத்தில் எவரும் வாசிக்கலாம்.

சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், டாமோடிரன் தம்பதிகள் என்று சுந்தர் படைத்த பாத்திரங்கள் யார்? எதிரிகள் அல்லர். அவருடைய அயலவர்கள், உறவினர்கள் என்றும் சொல்லலாம். ஆங்கில மோஸ்தரிலும் வெளிப்பகட்டிலும் மயங்கிய தமிழ் நடுத்தர வர்க்கத்தை டாமோடிரன் தம்பதிகள் வழியாக அவர் நையாண்டி செய்தார். அவர்களது பேச்சு மொழியை அப்படியே எடுத்தாண்டமையால் அச்சிரிப்பு மேலிருந்து விழும் பரிகாசமாக இருக்கவில்லை. தன் வீட்டைப் பார்த்து முதலில் சிரித்தவருக்கே பிறரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை உண்டு. சிரித்திரனிடமிருந்து நான் பெற்ற பாடம் இதுதான்.

யுத்தத்தை நையாண்டி செய்யும் சித்திரக்கதைகளும் தமிழில் கிடைக்காமல் இல்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன்–முத்து காமிக்ஸ் வழியாக நம்மவர் அறிந்த ‘ப்ளூகோட் பட்டாளம்’ அத்தகையது. 1968இல் பெல்ஜியத்தில் ஆரம்பமான இத்தொடரை ரவுல் கோவின் எழுத, முதலில் சல்வேரியுஸும் அவரது மறைவுக்குப் பின் லம்பிலும் வரைந்தனர். களம் அமெரிக்க உள்நாட்டு யுத்தம். ‘தாக்கு’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அறியாத கப்டன் ஒருவர். அச்சொல்லைக் கேட்டதும் செத்ததுபோல் தரையில் விழப் பழக்கப்பட்ட குதிரை ஒன்று. அந்தக் குதிரைக்குச் சொந்தக்காரனான கோப்ரலுக்கு வீரப்பதக்கம் வேண்டாம், உயிர் போதும். வீரம் என்று விற்கப்படும் சரக்கின் விலைச்சீட்டை இத்தொடர் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டுகிறது. ஆயினும் அது எங்கோ, என்றோ நடந்த யுத்தம். அதைப் பார்த்துச் சிரிப்பதால் எமக்கு எந்த இழப்பும் இல்லை. எமக்கு அதன் எல்லையும் அதுவே.

இழப்புள்ள சிரிப்பை நான் என் வகுப்பறையிலேயே சந்தித்தேன். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் நடந்த வன்செயல்களின் பின், ஒன்பதாம் தர மாணவன் ஒருவன் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் வரைந்திருந்தான். முதற் கட்டத்தில் ஊரடங்கு. இருட்டில் உம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் சிறுவன். இரண்டாவதில் தெருவில் துப்பாக்கியுடன் சிப்பாய். மூன்றாவதில் பெருநாள், கண்டி நடைபாதைக் கடையில் பெருநாள் காசு கொடுத்து அதே சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கி வாங்குகிறான். நான்காவதில் அவன் அதை நீட்ட, உம்மா கைகளை உயர்த்திச் சிரித்தபடி புதிய போனில் செல்பி எடுக்கிறார்.

கோடுகள் கோணல். சிப்பாயின் கால்கள் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. ஆனால் பயத்தையும் பண்டத்தையும் ஒரே முடிச்சில் கட்டிய அந்த நான்கு கட்டங்களுக்கு நிகரான ஒன்றை, அவ்வாண்டு எம்மவர் எழுதிக் குவித்த ஒப்பாரிக் கவிதைகளில் நான் காணவில்லை.

நான் என்ன செய்தேன்? கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தேன். “ஸேர், பிழையா?” என்று கேட்டான். “கணக்கைச் செய்” என்றேன். சிப்பாயின் படம் எவர் கண்ணிலாவது பட்டால் என்னாகும் என்ற பயம் ஒரு காரணம். மற்றையதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெருநாளைக்கு என் மகனுக்கும் அப்படியொரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அடிபட்ட சமூகம் தன்னைத் தானே கேலி செய்யலாமா, அது பிறர் கைக்கு ஆயுதமாகாதா என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால் இதே கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் சமூகத்தின் கல்விப் பின்னடைவை மூடி மறைக்கவில்லை. உருவங்கள் வரைவது பற்றி எம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிவேன். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும் கலியாண வீட்டில் வீடியோவுக்கு இடமளிக்கும் நாம், அந்த வீட்டின் ஆடம்பரத்தைக் கேலி செய்யும் கோட்டுக்கு மட்டும் தடைபோடுவது எந்த வகையில் சேர்த்தி?

தவணை முடிவில் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அவன் இப்போது கண்டியில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். சென்ற மாதம் கண்டபோது, “இன்னும் வரைகிறாயா?” என்று கேட்டேன். “எங்க ஸேர் போடுறது?” என்றான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எமது சஞ்சிகைகள் இதழுக்கு இரண்டு பக்கங்களை இத்தகைய இளைஞர்களுக்கு ஒதுக்கினால், அடுத்த முறை சொல்ல ஒரு முகவரியாவது இருக்கும்.