பொன்னுக்குக் கிட்டுமோ பொன்னுலகு?

பொன்னைக் கொட்டினால் பொன்னுலகுக்கே ஏணி வாங்கிவிடலாம் என நம்புகிறாள் ஒரு சீமாட்டி. அந்த நம்பிக்கையை நயமாகக் கேலி செய்து தொடங்குகிறது ஒரு பாட்டு. 'ஸ்டேர்வே டு ஹெவன்', அதாவது சொர்க்கத்துக்கு ஏணிப்படி என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழுவினர் 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காம் இசைத்தட்டில் இடம்பெற்றது அது.

வானொலிக்கு 3 நிமிடப் பாட்டே ஏற்றது என்பது வணிகர் வகுத்த வரம்பு. இதுவோ 8 நிமிடம் ஓடுவது! தனித்தட்டாக விற்க விரும்பியது அட்லாண்டிக் நிறுவனம், குழுவினர் இசையவில்லை. ஆயினும் என்ன? நேயர்கள் கேட்டனர், அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் ஒலிபரப்பின, மீண்டும் கேட்டனர், மீண்டும் ஒலித்தது. வணிகர் வரம்பை மக்களின் செவி வென்றது!

கிதாரும் குழலும் மெல்லத் தொடங்குகின்றன. பாதி கடந்த பின்னரே முரசு முழங்குகிறது. படிப்படியாக ஏறி, ஜிம்மி பேஜின் கிதாரில் உச்சி தொட்டு, இறுதியில் தனிக்குரலாய் அடங்குகிறது. இசையே ஏணியாகி நிற்கும் இவ்வமைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், ராபர்ட் பிளான்ட் எழுதிய சொற்கள் தெளிவிலே தொடங்கிப் புகைமூட்டத்திலே புகுந்துவிடுகின்றன. சீமாட்டியின் மடமையைச் சுட்டியவர், இறுதிவரை சுட்டியிருக்கலாகாதா? இது குறையே.

குறை கூறலாம், தவறில்லை. பேய் பிடித்த பாட்டென்று கூறலாமோ? கூறினர், தோழர்களே! தட்டைத் தலைகீழாகச் சுழற்றினால் சாத்தானின் துதி கேட்கிறதாம்! 1982-இல் கலிபோர்னியா சட்டமன்றக் குழுவொன்றின் முன்பே அவ்வாறு ஓட்டிக் காட்டினர். விஞ்ஞானம் விண்ணை அளந்த நாட்டில் இந்த வேடிக்கை!

விடை தந்தது ஆராய்ச்சி. கனடா நாட்டு உளவியலாளர் வோக்கியும் ரீடும் 1985-இல் தம் சோதனை முடிவை வெளியிட்டனர். தலைகீழ்ப் பேச்சின் பொருளை எவராலும் அறிய முடியவில்லை. "இந்தச் சொல் வரும், கவனியுங்கள்" என்று முன்கூட்டிச் சொன்ன பின்னரோ, பலருக்கு அச்சொல்லே கேட்டது!

சாத்தான் இருந்தது தட்டிலா? இல்லை. சொன்னவன் நாவிலே பிறந்தது, நம்பியவன் செவியிலே குடியேறியது. பேய் மட்டுமா இப்படிப் பிழைக்கிறது? ஏணி விற்போரின் பொன்னுலகும் இவ்வாறே வாழ்கிறது. பாட்டை நேராகக் கேட்போம். பிறர் ஓதியதை எடுத்தெறிந்துவிட்டுக் கேட்போம். செவிக்கும் வேண்டும் பகுத்தறிவு!