கடல் கடந்து வந்த குரல்

இலங்கை வானொலியைப் பற்றி எழுதப் புகுவோர் அனைவரும் ஒரே கட்டுரையைத்தான் மீண்டும் மீண்டும் எழுதி வருகின்றனர். 'பொங்கும் பூம்புனல்' என்று தொடங்குவர், மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் எனப் பெயர்களை அடுக்குவர். அந்தக் காலம் இனி வருமா என்று பெருமூச்செறிந்து முடிப்பர். இத்தகைய கட்டுரைகளைப் படித்து நாமும் கண் கலங்கியதுண்டு. நண்பர்களிடம் படித்துக் காட்டியதும் உண்டு. ஆயினும், கவிதையையும் கதையையும் நிறுத்துப் பார்க்கும் நாம், முப்பதாண்டுக் காலம் தென் தமிழகத்தின் செவியை ஆண்ட ஒரு கலையை மட்டும் ஏன் நிறுத்துப் பார்க்கவில்லை? பாராட்டுரை பெருகிய அளவுக்குத் திறனாய்வு பிறக்கவில்லை என்பது நம் எண்ணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் பிறந்தவர்க்குக் கொழும்பு அயலூரன்று, அண்டை ஊர். மேற்கே மலைத்தொடர் மறித்து நிற்கக் கிழக்கே மன்னார் வளைகுடா வரை வெட்டவெளியாகக் கிடக்கும் சீமை இது. வான்வழியே அளந்தால் இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 380 கிலோமீட்டர், சென்னையோ 490. ஆலைச் சங்கு ஊதி முதல் முறை வேலைக்குப் போவோர் தெருவில் இறங்கும் வேளையில், தேநீர்க் கடைப் பலகைமேல் இருந்த பெட்டியிலிருந்து வந்தது கொழும்பின் குரலே. தறிக்கூடங்களிலும் பால்கோவா அடுப்படிகளிலும் அக்குரலே ஒலித்தது. நம் இல்லத்தில் அத்தா வாங்கிய வால்வுப் பெட்டிக்கு, வேப்பமரத்துக்கும் மாடிக் கைப்பிடிக்குமிடையே ஏரியல் கம்பி கட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தியது இந்திய அரசுக்கு. கேட்டது முழுவதும் இலங்கையை. இதில் அத்தாவுக்குச் சிறிதும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நம் அரசே வழி வகுத்தது என்பதை மறத்தலாகாது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் இரசனையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடத்தைச் சுருக்கினார். நல்ல சங்கீதத்தை வளர்க்க வேண்டும் என்ற அவர் நோக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் பசித்தவனுக்கு அறுசுவை விருந்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தால் அவன் அடுத்த வீட்டுக் கஞ்சியைத் தேடிப் போகத்தானே செய்வான்! அடுத்த வீட்டிலோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமை நிறுவிய ஆற்றல்மிக்க ஒலிபரப்பி இருந்தது. போர் ஓய்ந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது; 1950இல் வர்த்தக சேவை தோன்றிற்று. சவர்க்காரமும் பற்பசையும் விற்ற விளம்பரங்களின் தோளேறி நம் பாடல்கள் கடல் கடந்து நம்மிடமே திரும்பி வந்தன. டில்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது 1957இல். அதில் விளம்பரத்தை அனுமதித்தது 1967இல். அதற்குள் தென்பாண்டிச் சீமையின் காது கொழும்புக்குப் பழகிப் போயிருந்தது.

எனினும் பாட்டுக்காக மட்டுமே மக்கள் அவ்வானொலியைக் கேட்டனர் என்பது பொருந்தாது. பாட்டுப் பின்னர் எங்கும் கிடைத்தது. அறிவிப்பாளரின் தமிழ் அங்குதான் கிடைத்தது. நம் நிலையங்களின் அறிவிப்பு அலுவலகச் சுற்றறிக்கை போலிருக்க, அங்கே ஒருவர் நம்மை நோக்கிப் பேசினார். 'நேயர்' என்னும் சொல்லை அவர்கள் விளித்த விதத்தில் அதன் மூலப்பொருளாகிய நேயம் உயிர்பெற்றது. ழகர, ளகர, லகர வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டுக் கற்றவர் நம் தலைமுறையில் மிகுதி. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் நாம் வியப்பது அதன் இனிமையை மட்டுமன்று. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் அறிந்திருந்ததை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் விட்ட இடைவெளியில் கேட்பவருக்கும் இடம் இருந்தது.

கே.எஸ். ராஜாவைப் பற்றி நம் கருத்து சற்று வேறானது. அவருடைய வேகம் வியப்புக்குரியது; மூச்சு எங்கே வாங்கினார் என்று தேடத் தோன்றும். சொல்லின் பொருள் நழுவி ஓசை மட்டும் எஞ்சிய நாள்களும் உண்டு. எதுகைக்காகவே எதுகை தேடும் பழக்கத்தை அவர் தொடங்கி வைத்தார் என்று நாம் சொன்னால் அன்பர்கள் சினங்கொள்வர். ஆயினும் அவரைப் போலி செய்த மெல்லிசைக் குழு அறிவிப்பாளர்களை நம் ஊர்த் திருமண வீடுகளில் கேட்டு அவதியுற்றவர்க்கு நாம் சொல்வது விளங்கும். போலிகளின் குற்றத்தை மூலவர்மேல் ஏற்றுவது அறமன்று என்பதும் நமக்குத் தெரியாததன்று. 'திரை விருந்தில்' ஒரு படத்தின் சிறு துண்டைக்கொண்டு முழுப் படத்தின் ஆவலையும் எழுப்பிய வித்தை அவரோடு போயிற்று.

இனி நம்மைப் பற்றிய வழக்குக்கு வருவோம். அவ்வானொலி நமக்கு அளித்தது பாட்டு மட்டுமா? சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' அங்கே தொடர் நாடகமாக ஒலித்தது. எஸ். ராம்தாஸின் 'கோமாளிகள் கும்மாளம்' ஒலித்தது. 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதன் சுவையை இவ்விதழின் வாசகர்கள் அறிய வேண்டும். மரைக்காராகப் பேசியவர் ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீத்! யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியின் தமிழ், சிங்கள உபாலியின் உடைந்த தமிழ், முஸ்லிம் தமிழ், பார்ப்பனத் தமிழ் ஆகிய நான்கும் ஒரு மேடையில் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு கூடியிருந்தன. ஒரு நாட்டின் நல்லுறவுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? நாம் என்ன செய்தோம்? நாடகம் தொடங்கியதும் குமிழைத் திருகினோம். அல்லது அடுத்த பாட்டு வரும்வரை தேநீர் ஆற்றினோம். அந்தத் தமிழ் நமக்கு அயன்மையாக இருந்தது, சிரிப்பாக இருந்தது.

ஈழத்துப் பாடல்களின் கதியும் இதுவே. நம் திரைப்பாடல்கள் அவ்வானலையை நிறைத்ததால் அந்நாட்டுக் கலைஞர்க்கு இடம் குறுகியது. அவர்கள் அதை மனக்குறையாகச் சொல்லியும் வந்தனர். அக்குறை நம் செவியில் விழவில்லை. அவர்கள் 'பொப்' என்று எழுதும் துள்ளிசையில் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஒன்றைக் கைதட்டி ஏற்றுக்கொண்டோம், அதற்குமேல் கேட்டோமில்லை. நாம் இன்று ஏங்குவது இலங்கை வானொலிக்காக அன்று. அது நமக்குக் காட்டிய நம் முகத்துக்காகவே என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். மெய் அதுதான்.

அங்கிருந்த முஸ்லிம் நிகழ்ச்சியை மட்டும் நம் வீட்டில் முழுமையாகக் கேட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாகூர் ஹனீபாவின் குரலை அவ்வானலையில் எதிர்பார்த்துத் தெரு முழுதும் காத்திருந்ததுண்டு. மார்க்க உரையைக் கேட்ட உம்மாமார், அவ்வறிஞர்களின் தமிழில் நம் வீட்டுச் சொற்கள் பல இருந்தது கண்டு மகிழ்ந்தனர். நமக்குரியதென்று தோன்றியதைக் கேட்டோம்; பிறர்க்குரியதைக் கடந்தோம் என்பதற்கு இதுவும் ஒரு சான்றே.

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. 1983 ஜூலையில் கொழும்பே எரிந்தது. அந்நாள்களில் நம் கடைத்தெருவில் நிகழ்ந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரவு இலண்டன் தமிழோசையில் செய்தி கேட்போம், உள்ளம் கொதிப்போம், ஊர்வலம் போவோம். காலையில் அதே பெட்டியில் முள்ளைச் சற்றே நகர்த்திக் கொழும்பின் பாட்டைக் கேட்போம். செய்தியில் வந்த ஊரும் பாட்டு வந்த ஊரும் ஒன்றே என்பது அறிவுக்குத் தெரியும், செவிக்குத் தெரியவில்லை. 'நேயர்களே' என்று நம்மை அன்போடு விளித்த அந்தக் குரலுக்குரியவர் நேற்றிரவு எங்கே உறங்கினார், அவர் வீடு இருக்கிறதா என்று நம்மில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. பெட்டிக்குள் இருப்பவர்க்கு வீடு ஏது என்பது போலிருந்தது நம் நடத்தை.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது, பண்பலை வந்தது. அக்கூட்டுத்தாபனம் இன்றும் உண்டு. நம் தறிக்கூடங்களை நிறைத்த அந்த ஒலிதான் இல்லை. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30இல் நின்றது. அப்துல் ஹமீத் தம் வாழ்வை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என நூலாக்கியிருக்கிறார். ஏக்கக் கட்டுரை எழுதுவோர் அதைக் கையிலெடுத்தபின் பேனாவைத் தொடுவது நலம்.

அண்மையில் இராஜபாளையம் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில், கைப்பேசியில் எவரோ பதிவேற்றிய கே.எஸ். ராஜாவின் பழைய ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆலைச் சீருடையிலிருந்த இளைஞர் ஒருவர், "யாரு பாய் இது? சிவகாசிப் பட்டாசு மாதிரிப் பொரியிறாரே!" என்றார். பெயரைச் சொன்னோம், வானொலியைச் சொன்னோம், 'திரை விருந்தை'ச் சொன்னோம். சொல்லச் சொல்ல நமக்கே உற்சாகம் ஏறிற்று. அவர் கேட்டுக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்து, "இப்ப எங்க இருக்காரு?" என்றார்.

கொழும்பில் கொலையுண்டார் என்றோம். எவர் செய்தது, எதற்காக என்று அவர் கேட்டார். நம்மிடம் விடையில்லை, அந்நாளில் நாம் விசாரிக்கவுமில்லை.